அமலோற்பவம் அடித்தால் நிற்காத புரோகிராம்

லேப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, ஓய்வு பெற்றவர்களைப் பேசக் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் கூப்பிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அறிவுரை சொல்ல வராது. நான் செய்த தப்புகளைச் சொல்ல நன்றாக வரும். கையிருப்பும் நிறைய இருக்கிறது. அதில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

சிதம்பரத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பில் இருந்தது. வார நாட்களில் பையன்களும் பெண்களும் வருவார்கள். சனி, ஞாயிறு வேலைக்குப் போகிறவர்களுக்கான பகுதிநேர டிப்ளமோ. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நுழைவதுபோல் பயபக்தியோடு உள்ளே வருவார்கள். பத்து நிமிடத்தில் பக்தி போய்விடும். ஏதாவது ஒரு மூலையிலிருந்து சத்தம் வரும், "மேடம், இது ஓடிக்கினே இருக்குது மேடம்!"

உங்களுக்கும் இது தினமும் கேட்கப் போகிற சத்தம்தான். சி மொழியில் முதல் மாதம். 'ஒரு எண்ணைக் கொடு' என்று புரோகிராம் கேட்கும். நெல்லிக்குப்பத்துப் பையன் ஒருவன் கரும்பு எத்தனை டன் என்ற இடத்தில் பன்னிரண்டு என்று மட்டும் அடிக்காமல், அளவு தெரியாமல் போய்விடுமே என்ற அக்கறையில் அதற்கு முன்னால் டன் என்று எழுத்திலும் சேர்த்து அடிப்பான். அவ்வளவுதான். எண்ணுக்காகக் காத்திருக்கும் கட்டளை எழுத்தைப் பார்த்ததும் அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிடும். 'தப்பான எண், மறுபடி கொடு' என்று புரோகிராம் திரும்பிக் கேட்கும். கேட்டுவிட்டுப் பார்த்தால் அதே எழுத்து அதே இடத்தில் நிற்கும். மறுபடி கேட்கும். திரையில் ஒரே வரி மேலே மேலே ஓடும். பையன் என்ன அடித்தான் என்பதும் அந்த ஓட்டத்தில் மேலே போய் மறைந்துவிடும். கண்ட்ரோலையும் பிரேக்கையும் சேர்த்து அழுத்தினால் சில சமயம் நிற்கும். பையன்கள் அவ்வளவு தூரம் யோசிக்க மாட்டார்கள், நேராக ஸ்விட்சை அணைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள்போல் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த 'மறுபடி கொடு' என்கிற பகுதியைக் கற்றுக்கொடுத்ததே நான்தான். தப்பான எண் வந்தால் காப்பாற்றும் என்று பெருமையாகப் போர்டில் எழுதுவேன். எண்ணே வராவிட்டால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், "நம்பர் கேட்டா நம்பர் குடுங்கப்பா, பாட்டு எழுதாதீங்க" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிடுவேன். சிரித்து முடித்த பிறகு யாரும் அந்தக் கேள்வியை மறுபடி கேட்டதில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது.

2006-இல் அந்த வார இறுதி வகுப்புக்கு அமலோற்பவம் வந்து சேர்ந்தார். கடலூரை ஒட்டிய குடிகாட்டிலிருந்து வருவார். அங்கேயே ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். நாற்பது வயது தாண்டியவர், எனக்கு ஓரிரண்டு வயது இளையவர். இருபது வருடமாக டைப்ரைட்டரில் அடித்த கை. வகுப்பில் மற்றவர்கள் ஒரு விரலால் கீபோர்டில் எறும்பு தேடிக்கொண்டிருக்கும்போது, இவர் நேராக உட்கார்ந்து, நோட்டை இடது பக்கம் வைத்து, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் பத்து விரலாலும் அடிப்பார். மழை பெய்வதுபோல் சத்தம் கேட்கும். ஒரு புள்ளி, ஒரு காற்புள்ளி தப்பாது. பக்கத்தில் இருக்கும் பையன்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

அவர் வந்ததற்குக் காரணம் இருந்தது. கம்பெனியில் டைப் செக்‌ஷனை மூடப் போகிறார்கள். டிப்ளமோ முடித்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் பிரிவில் இடம், முடிக்காதவர்களுக்குக் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். வீட்டில் கணவர் முதுகுத்தண்டில் அடிபட்டு லாரி ஓட்டுவதை நிறுத்தியிருந்தார். இவர் சம்பளம்தான் வீடு. இதையெல்லாம் அவர் என்னிடம் ஒரு முறைதான் சொன்னார், அதையும் பஸ் நேரம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

மற்ற தாள்களையெல்லாம் எழுதித் தேறிவிட்டார். சி செய்முறைத் தேர்வில்தான் மாட்டிக்கொண்டார். முதல் தடவை சீட்டு எடுத்ததில் வாய்ப்பாடு புரோகிராம் வந்தது. பன்னிரண்டாம் வாய்ப்பாடு. ஓட்டிக் காட்டச் சொன்னதும் திரை ஓடத் தொடங்கியது, நிற்கவே இல்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் உதட்டைப் பிதுக்கினார். உள்தேர்வாளராக நானும் கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதம் கழித்து இரண்டாவது தடவை. பத்து மாணவர்களின் மதிப்பெண் சராசரி. அதே ஓட்டம், அதே கையெழுத்து.

நான் சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு தேர்வுக்கும் பிறகு அவர் புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன். எடுத்ததும் விட்டுப்போன செமிகோலனைத் தேடுவது நம் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வியாதி. தேடினேன். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நானே ஓட்டிப் பார்த்தேன், சமர்த்தாக ஓடி நின்றது. பக்கத்துப் பையனை ஓட்டச் சொன்னேன், அவனுக்கும் நின்றது. அவர் வந்து உட்கார்ந்தால் சில நாள் நிற்கும், சில நாள் நிற்காது. சிஸ்டத்தில் வைரஸ் என்றார் மெக்கானிக். சிஸ்டத்தை மாற்றினோம். கீபோர்டை மாற்றினோம். சனிக்கிழமை ராசியில்லை என்று ஒரு பெண் சொன்னதை மட்டும்தான் நான் செய்து பார்க்கவில்லை.

கடைசியில் நான் கண்டுபிடித்த மருந்து கிண்டல். "அமலோற்பவம், உங்க கையைப் பார்த்தாலே கம்ப்யூட்டருக்கு உதறுது போல" என்பேன். வகுப்பு சிரிக்கும். அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் எத்தனை பங்கு மரியாதைக்காக என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

எழுத்து அடித்தால் புரோகிராம் நிற்காது என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். குறும்புக்கு எழுத்தை அடித்து வைக்கும் பையன்களைத் தினமும் பிடிப்பேன். ஆனால் அந்த லேப்பிலேயே டைப்பிங்கில் தப்பே செய்யாதவர் ஒருவர் இருந்தார் என்றால் அது அவர்தான். அவர் அடித்ததைச் சந்தேகப்படலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம்பிக்கை இருக்கும் பக்கம் நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்களும் பார்க்க மாட்டீர்கள், அதனால்தான் இவ்வளவு நேரம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது தேர்வு 2007-இல் வந்தது. எங்கள் விதிப்படி அதுவும் போனால் டிப்ளமோவை முதலிலிருந்து சேர்ந்து படிக்க வேண்டும். கம்பெனி அதுவரை காத்திருக்காது. அவர் அன்றைக்குக் கடலூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, லேப் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றிருந்தார்.

வெளித்தேர்வாளர் முப்பது வயதுக்குள் இருப்பார். நல்ல உயரம், சட்டைப்பையில் இரண்டு சிவப்புப் பேனா. அதிகம் பேசவில்லை. ஒரு பையன் ஓட்டிக் காட்டும்போது திரை உறைந்து போனதற்கு, "கரண்ட் மேல பழி போடாதீங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அமலோற்பவத்துக்குச் சீட்டில் வந்தது பட்டியல் புரோகிராம். ஒன்று அடித்தால் பெயரைச் சேர்க்கும், இரண்டு அடித்தால் பட்டியலைக் காட்டும், மூன்று அடித்தால் முடிந்துவிடும். எல்லோருக்கும் முன்னால் அடித்து முடித்தார். அழகாக வரி தள்ளி, இடம் விட்டு, பார்க்கவே கல்யாணப் பத்திரிகைபோல் இருந்தது. தேர்வாளர் வந்து ஓட்டச் சொன்னார். இவர் கண் சீட்டில், விரல் கீயில். திரை ஓடியது. அதே கேள்வி, அதே கேள்வி, அதே கேள்வி.

"லூப் நிக்கல" என்றார் தேர்வாளர். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

அமலோற்பவம் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்தக் கைகளைப் பார்க்கச் சகிக்கவில்லை. இன்னொரு முறை ஓட்ட விடலாமா என்று தேர்வாளரிடம் கேட்டேன். நேரம் இருக்கிறது, ஓட்டட்டும் என்றார்.

தேர்வாளர் குனிந்து நின்றதில் அவருடைய முதுகு திரையை எனக்கு முழுக்க மறைத்துவிட்டது. வழக்கமாக நான் திரையைத்தான் பார்ப்பேன். நம் ஆட்கள் எல்லோருமே திரையைத்தான் பார்ப்போம், புரோகிராம் அங்கேதானே இருக்கிறது. அன்றைக்குப் பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் அமலோற்பவத்தின் கைகளைப் பார்த்தேன்.

புரோகிராமை ஓட்டினார். கேள்வி வந்தது. ஒன்று அடிக்க வேண்டும். ஒன்று இருப்பது மேல் வரிசையின் இடது மூலையில். இவருடைய இடது கை அசையவே இல்லை. வலது கையின் மோதிர விரல் மட்டும், அது உட்கார்ந்திருந்த இடத்திலேயே லேசாக ஒரு தட்டுத் தட்டியது.

அது எல் என்ற எழுத்து.

டைப்பிங் இன்ஸ்டிடியூட் பக்கம் போகாதவர்களுக்குச் சொல்கிறேன். பழைய டைப்ரைட்டர்கள் பலவற்றில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனிக் கீயே கிடையாது. எண் வரிசை இரண்டில்தான் தொடங்கும். ஒன்று வேண்டுமென்றால் சின்ன எல் எழுத்தை அடிக்கச் சொல்லித்தான் கற்றுக்கொடுப்பார்கள். தாளில் இரண்டும் ஒரே கோடுதான். இருபது வருடம் அப்படி அடித்த விரலுக்கு எல்தான் ஒன்று. அவருக்கு அது தப்பே இல்லை, பாடம். புரோகிராமுக்குள் எல் விழுந்தால் கம்ப்யூட்டரே அந்த வரியைக் காட்டி நிறுத்தும், அவரும் அங்கேயே திருத்திவிடுவார்; பதில் அடிக்கும்போது மட்டும் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. பன்னிரண்டிலும் பத்திலும் புரோகிராம் நிற்காமல் ஓடியது, ஐந்திலும் ஏழிலும் நின்றது எல்லாம் இப்போது வரிசையாக ஞாபகம் வந்தது. அது கண்முன்னாலேயே இருந்திருக்கிறது. நான் செமிகோலன் தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போது என்ன செய்வது? தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. 'அம்மா, விரலை மாத்துங்க' என்று சொன்னால் அது காப்பி அடிக்க விடுவதற்குச் சமம். சொல்லாவிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் சரியாகப் புரோகிராம் எழுதிய ஒருவரின் வேலை போகும். அதுவும் மூன்றாவது தடவையாக என் கையெழுத்தோடு. தேர்வாளர் மார்க் ஷீட்டில் அவர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். யோசிக்க எனக்குக் கிடைத்தது அவ்வளவு நேரம்தான்.

வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வி கேட்க உள்தேர்வாளருக்கும் உரிமை உண்டு. மார்க் போடுவதற்கு முன் என் கேள்வியைக் கேட்டுவிடட்டுமா என்றேன். அவர் தலையாட்டினார்.

"அமலோற்பவம், உங்க ஆபீஸ் மெஷின்ல ஒன்னு எந்தக் கீயில இருக்குது?"

தேர்வாளர் நிமிர்ந்து, இது பாடத்திட்டத்திலேயே இல்லையே என்று முனகினார். அமலோற்பவம் இத்தனை கஷ்டத்திலும் சிரித்துவிட்டார்.

"அதுல ஒன்னு ஏது மேடம்? எல்லுதான..."

அதோடு நின்றுவிட்டார். மடியிலிருந்த வலது கையைத் தூக்கி, யாரோ புதிதாகக் கொடுத்த பொருளைப் பார்ப்பதுபோல் அந்த மோதிர விரலைப் பார்த்தார். பிறகு கீபோர்டைக் குனிந்து பார்த்தார். அவர் கீபோர்டைப் பார்த்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

"சார், எவ்ளோ நேரம் இருக்குது?" என்று கேட்டார்.

இருபது நிமிடம் என்றார் தேர்வாளர். அமலோற்பவம் மேல் வரிசையில் ஒன்றை அழுத்திக் காட்டிவிட்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. ஓட்டத்தை நிறுத்தி, புரோகிராமைத் திறந்து, மறுபடி அடிக்க ஆரம்பித்தார். எண்ணாக வாங்கியதை ஒற்றை எழுத்தாக வாங்குவதுபோல் மாற்றினார். எழுத்தாக வாங்கினால் எது வந்தாலும் எடுத்துக்கொள்ளும், எதுவும் வாசலில் தேங்கி நிற்காது. ஒன்று வந்தாலும் பெயரைச் சேர், எல் வந்தாலும் பெயரைச் சேர் என்று இரண்டையும் அடுத்தடுத்து எழுதினார். வேறு எது வந்தாலும் மறுபடி ஒரே ஒரு தடவை கேள் என்றும் சேர்த்தார். எல்லாம் சேர்த்து ஐந்தாறு வரி மாற்றம். புத்தகத்தில் உள்ளதுதான், நான் நடத்திய பாடங்களில் உள்ளதுதான். எனக்குத்தான் அதை அங்கே கொண்டுபோய் வைக்கத் தோன்றவில்லை.

தேர்வாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒன்றை அடித்தார், ஓடியது. எல் எழுத்தை அடித்தார், ஓடியது. எக்ஸை அடித்தார், அமைதியாக ஒரு தடவை கேட்டுவிட்டுக் காத்திருந்தது. மூன்றை அடித்தார், நின்றது. ஒன்றுக்குக் கீயே இல்லாமல் ஒரு மெஷின் எப்படி விற்றார்கள் என்று அவரால் அப்போதும் நம்ப முடியவில்லை. பிறகு, தப்பு என்று தெரிந்த பிறகும் அந்த எல் எழுத்தை எதற்கு விட்டு வைத்தீர்கள், கையைத் திருத்திக்கொண்டால் போதாதா என்று கேட்டார்.

"நான் பாத்து அடிச்சிடுவேன் சார். எங்க செக்‌ஷன்ல இன்னும் நாலு பேரு இதே கைதான். அவுங்க ஒக்காந்தாலும் ஓடணும் இல்ல?"

தேர்வாளர் மார்க் ஷீட்டைக் கையில் எடுத்தார். நான் அவரைத் தனியாக அழைத்துக்கொண்டு போய் உண்மையைச் சொன்னேன். நான் கேட்டது வெறும் கேள்வி இல்லை, ஜாடை. முறையில்லை என்று நினைத்தால் அறிக்கையில் என் பெயரைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள், அமலோற்பவத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். அவர் என் கேள்விக்கான மதிப்பெண்ணைக் கோடு போட்டு நீக்கிவிட்டு, தானே அமலோற்பவத்திடம் புதிதாக இரண்டு கேள்வி கேட்டார். ஒன்றுக்குச் சரியாகப் பதில் வந்தது, ஒன்றுக்கு வரவில்லை. வராததற்கு மதிப்பெண் போடவும் இல்லை. புரோகிராமுக்கு மட்டும் முழுதாகப் போட்டார். நியாயமான ஆள். இப்படி ஒருவரோடு நீங்களும் ஒரு நாளாவது வேலை பார்க்க வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை என் போர்டில் இருந்த பாடத்தை மாற்றினேன். 'நம்பர் கேட்டா நம்பர் குடுங்க' என்பதை அதற்குப் பிறகு நான் சொன்னதில்லை. உங்கள் லேப்பில் ஒருவர் அடித்து நிற்காமல் ஓடினால், முதலில் புரோகிராமைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். திரைக்கு முதுகைக் காட்டி நின்று, அவர் எப்படி அடிக்கிறார் என்று பாருங்கள். கேலி பேச வாய் வந்தால் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டுபிடித்த பிறகு பேசலாம். எனக்கு வாய் முந்திக்கொண்டது, கண் ஒரு வருடம் கழித்து வந்தது.

அமலோற்பவம் தேறிவிட்டார். கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போனார். ஆனால் தோற்ற அந்த ஒரு வருடத்துக்குள், அவரே டைப்பிங் சொல்லிக்கொடுத்த பெண் ஒருத்தி டிப்ளமோ முடித்து முன்னால் போய்ச் சேர்ந்திருந்தாள். பணி மூப்பில் அவள் மேலே, இவர் கீழே. அவளுடைய மேஜையில் வேலை வாங்கிக்கொண்டுதான் இவர் அடிக்க வேண்டும். அதை இனி எந்தத் தேர்வும் மாற்றாது.

சான்றிதழ் வாங்க வந்த சனிக்கிழமைதான் எனக்கு அது தெரிந்தது. லேப்பில் யாரும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் புரோகிராமில் ஒரு தப்பும் இல்லை, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் இரண்டு தடவை கையெழுத்துப் போட்டவள் நான், உங்களைக் கேலி செய்து மற்றவர்களையும் சிரிக்க வைத்தவளும் நான் என்று சொன்னேன். அவர் சான்றிதழை மடங்காமல் பைக்குள் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்தத் தடவை கிண்டல் அவருடையது.

"அந்தக் கேள்விய போன வருஷமே கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேனே மேடம்."